அருவிக்கரையில் பை காத்தவள்

பள்ளி நாளிலிருந்தே என் இடது காதில் சீழ் வடியும். வாடை வருமோ என்ற பயத்தில் யாரையும் அந்தப் பக்கம் அண்ட விடமாட்டேன். குற்றாலத்தில் சீசன் வந்தால் தோழிகள் அருவிக்கு ஓடுவார்கள். காதில் தண்ணீர் போகக்கூடாது என்பதை மறைத்து, "எனக்குக் குளிர் ஆகாது" என்று பைகளுக்குக் காவல் இருப்பேன்.

கல்லூரிக் கடைசி வருடம் அவர்களில் செல்வி மட்டும் நனையாமல் திரும்பி வந்தாள். கல்லூரிக்குப் போகும் தென்காசி பஸ்ஸில் என் வலது பக்கத்து ஜன்னல் சீட்டைத் தினமும் அவளே பிடித்துக்கொள்வாள் என்று எனக்குக் கோபம் உண்டு.

"ஏட்டி, தலைய நனைக்காண்டாம். ஓரமா நில்லு, நான் காதப் பொத்திக்கிடுதேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமலா தெனமும் உன் நல்ல காதுப் பக்கமா பாத்து உக்காருதேன்?"

அவள் உள்ளங்கை காதை மூடியிருக்க, முதல் முறையாக அருவியில் தோள் நனைய நின்றேன். அந்தக் காதை நான்கூட அவ்வளவு பிரியமாகத் தொட்டதில்லை.