ரோச் அண்ணன் அடித்த சிவப்பு

எங்கள் தெரு ரோச் அண்ணன் மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். வீட்டுச் சுவரை இதுவரை தொட்டதில்லை. ஆனால் எங்கள் மாதா கோயில் கப்பல் வடிவம். இரண்டு சுவர்களும் பின்னாலிருந்து வளைந்து வளைந்து வந்து, முன்னால் வள்ளத்தின் மூக்கான அணியம் போலக் கூராகச் சேரும். நூல் பிடிக்க ஒரு நேர்கோடு கிடையாது. டவுனிலிருந்து வந்த பெயிண்டர்கள் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஐந்தே நாள். வேலை அண்ணனிடம் வந்தது.

எந்த வள்ளத்தையும் மூன்று முறை சுற்றி, உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே அவர் டப்பாவைத் திறப்பார். கோயிலையும் அப்படியே தடவிக்கொண்டு சுற்றினார். ஏதோ நேர்ச்சை, வேண்டுதல் என்று நினைத்து எதிர்வீட்டு ஜாய் அக்கா பின்னால் நடந்தாள். மூன்றாம் சுற்றில் பதினோரு பேர். ஒருவர் கையில் மெழுகுவர்த்தி.

இரண்டாம் நாள் முடிவில் கோயில் வெள்ளையாக நின்றது. இடுப்பளவுக்குக் கீழே மட்டும் கருஞ்சிவப்பு.

பங்குச்சாமி அமலன் ஓடி வந்தார். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர். கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்தவர்.

“என்ன ரோச் இது?”

“வள்ளம்னா தண்ணி அதுவரைக்கும் வரும்லா சாமி. அதுக்குக் கீழ செவப்புதான்.”

“எந்தத் தண்ணி? இது கோயில்யா!”

“செவப்பு இல்லாட்டி அம்மணமா நிக்கும் சாமி.”

“நாளைக்குள்ள வெள்ளை அடி. இல்லேன்னா வேற ஆள வச்சு அடிப்பேன்.”

ரோச் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தான் சிவப்பு பூசிய ஒன்றின் மேல் இன்னொருவர் தூரிகை வைப்பதை அவர் பொறுக்கமாட்டார். “ஒருக்க கடல்ல இருந்து பாத்துட்டுச் சொல்லுங்க” என்று கெஞ்சி, மறுநாள் காலை சாமியை வள்ளத்தில் ஏற்றிவிட்டார். சாமியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன்.

அரை மைல் தள்ளி இன்ஜினை நிறுத்தினார். சாமி திரும்பிப் பார்த்தார். மணலும் ரோடும் மறைந்து, சிவப்பு அடிவயிறு அலையைத் தொட, கோயில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சாமி வாயைத் திறந்தார். அதற்குள் ஓர் அலை.

“ரோச், கோயில் ஆடுது!”

“ஆடும் சாமி. கப்பல்லா.”

சாமி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்தார். கண்ணைத் துடைத்து மறுபடி கோயிலைப் பார்த்தார். அது இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது.

“செவப்பு இருக்கட்டும்ப்பா. என்னைக் கரையில விடு.”

அண்ணன் இன்ஜினைத் தொடவில்லை. ஒரு கண்ணை மூடிக் கோயிலையே அளந்துகொண்டிருந்தார்.

“எடது பக்கம் செவப்புக் கோடு ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு. ஏத்திக்கிடட்டுமா சாமி?”

“ஏத்திக்கோ! கோபுரம் வரைக்கும் ஏத்திக்கோ!”