ஈ காட்டு

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. தோளு... அந்தத் தோளு இல்ல, இந்தத் தோளு. ம். இப்ப எங்க, ஈ காட்டுங்க பாப்போம்!"

ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் ஸ்டூடியோக்காரரிடம் ஈ காட்டாமல் தப்ப முடியாது. பல் தெரியாத படத்தை அவர் படமாகவே மதிப்பதில்லை. அடையாள அட்டைக்கு வாயை மூடிக்கொண்டு உட்காருபவர்களை வேண்டாவெறுப்பாக ஒரே தட்டில் எடுத்து அனுப்பிவிடுவார். தெருப் பிள்ளைகள் அவருக்கு 'ஈ மாமா' என்று பெயர் வைத்திருப்பது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "வச்சுட்டுப் போகட்டும். கொசு மாமான்னு வைக்காம விட்டாங்களே" என்பார்.

படம் கம்ப்யூட்டர் திரையில் ஏறியதும் மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் பல்லைப் பார்ப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் துடைத்துக்கொண்டு வருவார். டீக் கறை, புகையிலைக் கறை, வயதான கறை எதுவும் அவர் கைக்குத் தப்பாது. "கறைன்னா போய்த்தான் ஆகணும்" என்று முணுமுணுத்துக்கொள்வார். பிரதியை வாங்கிக்கொண்டு, "இது என் பல்லுதானா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் தயாராக இருக்கும். "பல்லு உங்களுது. வெளுப்பு மட்டும் நம்மளுது."

ஊரையே சிரிக்க வைக்கிற இந்த மனிதர் வாய் திறந்து சிரித்து யாரும் பார்த்ததில்லை. மேல்வரிசைப் பற்கள் கொஞ்சம் முன்னால் வந்தவை. பள்ளிக்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஆசிரியர்கள் மட்டும்தான், மற்ற எல்லோருக்கும் அவர் 'பல்லன்'. சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் அவருடைய மனைவி பூரிப்பாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல நிற்கிறார்.

சட்டைப் பையில் எப்போதும் மூன்று சாமான்கள் இருக்கும். வாடிக்கையாளர் தலை வாரிக்கொள்ள ஒரு சீப்பு. லென்ஸ் துடைக்கிற துணி. முயல் தலை மூடி போட்ட ஒரு சின்னப் பல் பிரஷ். முயலின் காது பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, வந்தவர்கள் சிரித்துவிடுவதும் உண்டு. அந்த நேரம் பார்த்து அவர் பொத்தானைத் தட்டிவிடுவார்.

பிரஷ் அவர் மகளுடையது. நாலு வயது. மனைவி துணிக்கடையில் நின்றபடி வேலை பார்ப்பவர், பொழுது சாய்ந்துதான் வருவார். அதனால் பாப்பா பகலெல்லாம் ஸ்டூடியோவில்தான். பின்னால் நீலத் திரை, அதற்குப் பின்னால் ஒரு பாய், பாய்க்கு அந்தப் பக்கம் ஒரு முகம் கழுவும் தொட்டி. அவ்வளவுதான் அவளுடைய உலகம்.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு உள்ளே போனது அங்கேயே நிற்பதில்லை. பாலோ சோறோ, கொஞ்ச நேரத்தில் புளித்துப்போய் தொண்டைவரை ஏறி வந்துவிடும். சில சமயம் வாந்தி. பல சமயம் வாய்வரை வந்து அவளே விழுங்கிவிடுவாள். "வளர வளரச் சரியாயிடும்" என்றுதான் குழந்தை மருத்துவர் சொன்னார். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சரியாகியும் இருக்கிறது. இவளுக்கு ஆகவில்லை. விளையாடிக்கொண்டிருக்கும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு நெஞ்சைத் தடவுவாள். "அப்பா, மேல வருதுப்பா."

உடனே தொட்டி. உடனே பிரஷ். அவருக்கு அந்தப் புளிப்பு வாடை பொறுக்காது. அதைவிடப் பொறுக்காதது அவளுடைய முன்பற்களில் படர்ந்துவந்த மஞ்சள். முதலில் பின்பக்கம் மட்டும் தெரிந்தது, பிறகு முன்னாலும் வந்துவிட்டது. பாலர் பள்ளியில் யாராவது ஒரு பொடியன் ஒரு பெயரை வைத்துவிட்டால் அது சாகும்வரை கூடவே வரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வெளுக்க வைக்கும் என்று விளம்பரம் செய்கிற பெரியவர்கள் பேஸ்டாகப் பார்த்து வாங்கினார், கெட்டியான நார் வைத்த பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கினார். அவளைத் தொட்டி விளிம்பில் உட்காரவைத்து, ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரலில் சொல்வார்: "எங்க, ஈ காட்டு." அவள் தொட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாயைத் திறப்பாள். கூசும்போது கால்விரல்கள் மடங்கும். "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு. கறை போய்த்தான் ஆகணும்ல." ஸ்டூலில் ஆள் காத்திருந்தாலும் சரி, படம் பாதியில் நின்றாலும் சரி, இதை மட்டும் அவர் தவறவிட்டதில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மனைவி, ரத்தம் குறைவு என்று கொடுத்த இரும்புச் சொட்டு மருந்தைச் சந்தேகப்பட்டார். மாடிவீட்டு அக்கா, "பால் புட்டியை வாயில வச்சுக்கிட்டே தூங்கவிட்டா வேற என்ன ஆகும்?" என்றார். ஸ்டூடியோக்காரர் வாந்திக்குக் கொடுத்த இனிப்பு மருந்தின் சிவப்பு நிறத்தின் மீது பழியைப் போட்டார். பல் நாளுக்கு நாள் இன்னும் மஞ்சளாகிக்கொண்டே போனது. அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

கடைசியில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பாப்பா அழத் தொடங்கியதும் பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார். மருத்துவர் நிதானமான பெண்மணி. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இரும்பு மருந்துன்னா கறுப்பாப் படியும், தேச்சு எடுத்துடலாம். புட்டிப் பால்னா ஈறு ஓரமா சொத்தை விழும். அடிபட்டா அந்த ஒரு பல்லு மட்டும் சாம்பலாகும். பல்லு உருவாகுறப்போ பெரிய காய்ச்சல் வந்திருந்தா திட்டுத் திட்டா இருக்கும். இது அப்படி எதுவும் மாதிரித் தெரியல. வயித்துலேர்ந்து அடிக்கடி மேல வருதா இவளுக்கு?"

"வருதுங்க மேடம். ஆனா கறை பிடிக்க விடுறதில்ல..."

"இது கறையே இல்லைங்க. மேல இருக்கிற வெள்ளை தேய்ஞ்சு போச்சு. உள்ள இருக்கிற மஞ்சள் தெரியுது, அவ்வளவுதான். மேல வந்தா என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்த கையோட தேச்சு விட்டுடுவேன். ஒரு தடவைகூட விட்டதில்ல. பிரஷ் எப்பவும் பையிலதான் இருக்கு, இதோ." முயலை எடுத்துக் காட்டவும் செய்தார்.

மருத்துவர் பிரஷ்ஷை வாங்கி நாரை விரலால் தடவிப் பார்த்தார்.  பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "வயித்துலேர்ந்து வர்ற அமிலம் பட்டதும் பல்லு மேல இருக்கிற பூச்சு இளகிப் போயிருக்கும். அப்பவே தேச்சா பூச்சும் சேர்ந்து போயிடும். வெறும் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லுங்க. அரை மணி நேரமாவது கழிச்சு, மெத்துனு இருக்கிற பிரஷ்ல, குழந்தைங்க பேஸ்ட் போட்டுத் தேயுங்க."

"அப்ப, நான் தேச்சதாலயா மேடம்?"

"அமிலம்தான் முதல் காரணம். தேச்சதும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

"திரும்ப வளராதா?"

"அந்தப் பூச்சு வளராதுங்க. கூச்சத்துக்கு மருந்து பூசி விடுறேன். இது பால் பல்லுதான், விழுந்து வேற முளைக்கும். ஆனா மேல வர்றதை நிறுத்தலேன்னா அதுக்கும் இதே கதிதான். குழந்தை டாக்டர்கிட்ட திரும்பக் கூட்டிட்டுப் போங்க, இனியும் தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பாதியைத்தான் சொன்னார். "வயித்து அமிலமாம். இனிமே கொப்பளிச்சா போதுமாம்."

மனைவி பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, நீங்களாவது விடாம தேச்சு விட்டீங்க. இல்லேன்னா இன்னும் மோசமா ஆகியிருக்கும்."

அவர் கை கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டார். சொல்லாமல் விட்ட பாதி இன்றுவரை அவர் தொண்டையிலேயே நிற்கிறது.

குழந்தை மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மேலே வருவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இப்போதெல்லாம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுகிறார். பாப்பா கொப்பளித்துவிட்டு, நகராமல் தொட்டி ஓரமாக நிற்பாள். "தேய்க்கலயாப்பா?" "வேணாம் கண்ணு. போய் விளையாடு." அவள் போக மாட்டாள். அப்பா மறந்துவிட்டு மறுபடி கூப்பிடுவார் என்று நினைக்கிறாளோ என்னவோ, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

திரையில் பற்களை வெளுப்பதையும் அவர் குறைத்துக்கொண்டார். "என்னங்க, பொண்ணு பல்லு மஞ்சளா விழுந்திருக்கு?" என்று வரன் பார்க்கப் படம் எடுத்த ஒருவர் குறைப்பட்டபோது, "மஞ்சள் எல்லாருக்கும் உள்ள இருக்கிறதுதாங்க" என்றார். வந்தவர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். பையிலிருந்து முயல் மட்டும் இறங்கவில்லை. பழைய பிரஷ்ஷை எறிந்துவிட்டு மெத்தென்ற நார் வைத்த புதிதை வாங்கியவர், முயல் மூடியை மட்டும் பழையதிலிருந்து கழற்றிப் புதியதற்கு மாட்டிக்கொண்டார்.

போன வாரம் பள்ளியில் சேர்க்கப் பாப்பாவுக்குப் படம் கேட்டார்கள். புதுச் சட்டை மாட்டி, தலை வாரி, ஸ்டூலைத் திருகி உயர்த்தி அவளை உட்காரவைத்தார். குடை விளக்கைச் சரிசெய்தார். கேமராவுக்குப் பின்னால் குனிந்தபோது, இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"எங்க, ஈ காட்டு."

பாப்பா ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள். கால்விரல்களை மடக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அவர் பொத்தானைத் தட்டவில்லை. கேமராவைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் எதிரே மண்டியிட்டார். "கண்ணு, இங்க பாரு. அப்பா தேய்க்க வரல. போட்டோதான். பாரு, அப்பா கையில ஒண்ணுமே இல்ல." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள், இந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையைப் பார்த்தாள். கண்ணை மறுபடி மூடிக்கொண்டு வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.