திருகுகளின் மேலிருந்த பூச்சு

இது இறந்த ஒருவரின் கையொப்பத்தைப் பற்றியது. அவரால் மறுத்துப் பேச இயலாது. ஆகவே என் கண்ணால் கண்டதையும் பதிவேட்டில் படித்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

அவர் என் தங்கையின் கணவர். மலாக்காவில் சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் இருவரும் பல்லாண்டுகள் அருகருகே வேலை செய்தோம். அவர் மாரடைப்பால் இறந்த மூன்றாம் வாரம், ஒரு பயிற்சி விமானத்தின் இடப்பக்க உறையை மாற்றும் வேலை எனக்கு வந்தது. இறக்கையைத் தாங்கும் சாய்தண்டு இறக்கையோடு சேரும் மூட்டை மூடி, காற்றைத் தடையின்றி வழியவிடும் நெகிழி உறை அது. வெயிலில் வெடித்திருந்தது.

கை தானாக வேலை செய்தது. கடைசித் திருகைத் திருப்பும்போதுதான் கவனித்தேன்: திருகின் தலையையும் உறையையும் ஒரே வண்ணப்பூச்சு கீறலின்றி மூடியிருந்தது. மற்றவற்றின் பூச்சு ஏற்கெனவே சில்லுகளாகத் தரையில் கிடந்தது. சென்ற சோதனையில் உறையைக் கழற்றி மூட்டைப் பார்த்ததாகப் பதிவேட்டில் அவர் கையொப்பம் இருந்தது. கழற்றியிருந்தால் அந்தப் பூச்சு உடைந்திருக்க வேண்டும்.

கழற்றி மாட்டியபின் திருகுகளின் மேல் மீண்டும் பூச்சிடுவோர் உண்டு. அவருக்கு அவ்வழக்கம் இருந்ததா என்பது எனக்கு நினைவில்லை. பூச்சு ஓரடுக்கா, ஈரடுக்கா என்று அந்தச் சில்லுகள் காட்டியிருக்கும்.

உடன் வேலை செய்பவர் துடைப்பத்தோடு வந்தார்.

"அண்ணே, கால தூக்குங்க. சிலையாட்டம் நின்னா மால தான் போடணும் லா."

காலைத் தூக்கினேன். சில்லுகளையும் பழைய திருகுகளையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போனார்.

விளக்கடித்து மூட்டைப் பார்த்தேன். துருவில்லை, விரிசலில்லை. அப்படியே எழுதி, புதிய உறையைப் பூட்டினேன்.

அன்று மாலை புக்கிட் காத்திலில் உள்ள தன் வீட்டில் தங்கை தேநீர் வைத்தாள். மறுநாள் கொட்டகையில் அவருக்கு இரங்கல் கூட்டம். நான் பேச வேண்டும்.

"அவரு கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு சொல்லுங்கண்ணே. அது ஒன்னு போதும் எனக்கு."

"மூட்டுல ஒரு கொறயும் இல்லம்மா," என்றேன்.

"எந்த மூட்டு?"

தேநீரைக் குடித்தேன்.

கூட்டத்தில் அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. முன்வரிசையில் இருந்த தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அந்த உறையைக் கழற்றினாரா என்பது தெரியவில்லை. நான் ஏன் காலைத் தூக்கினேன் என்பதும் தெரியவில்லை.