சோற்றுக்கு எதற்கு கேட் பாஸ்

எங்கள் அலுவலகத்தில் ஒரு சைக்கிள் மணி இருந்தது. சைக்கிள் கிடையாது. மணியை மட்டும் ஒரு மேசையின் விளிம்பில் திருகி வைத்திருந்தார், அந்த மேசைக்குச் சொந்தக்காரர். அவரை நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். எங்கள் எல்லாரையும்விட இளையவர், வேலைக்கும் கடைசியாக வந்து சேர்ந்தவர். ஆனாலும் வந்த வாரமே எங்களை அவர் விரட்டிய விரட்டில் அந்தப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. நாங்கள் உருவாக்கிய கணினி விளையாட்டை ஆடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது அவருடைய வேலை. சின்னத் தப்பு என்றால் மணியில் ஒரு தட்டு. பெரிய தப்பு என்றால், சந்தைக் கூட்டத்துக்குள் சைக்கிள் ஓட்டுகிறவர் மாதிரி விடாமல் அடிப்பார். கீழே இருந்த பேக்கரிக்காரர் அதை டீக்கான அழைப்பு என்று முடிவு கட்டியிருந்தார். அதனால் எங்களுக்குப் பெரிய தப்பும் டீயும் எப்போதும் ஒன்றாகவே வரும்.

கரையான்சாவடி மெயின்ரோட்டில், அந்த பேக்கரிக்கு மேல் மாடியில் நாங்கள் நான்கு பேர். முதலாளி, ஓவியர், நான், மேடம். முதல் மூன்று பேரும் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். முதலாளியின் அப்பா மதுரைக்காரர், ஓவியரின் அப்பா தஞ்சாவூர், என் அப்பா தென்காசிப் பக்கம். எங்கள் வாயில் வருவது எல்லா மாவட்டமும் கலந்த ஒரு கதம்பத் தமிழ். மேடம் நெமிலிச்சேரி. ரயிலில் ஆவடிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். அவருடைய பெற்றோர் ஒரு காலத்தில் வயல் வேலைக்குப் போனவர்கள். பிறகு அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார், அம்மா துணி கம்பெனிக்குப் போனார். மேடம் கம்ப்யூட்டர் படித்தார். எங்களைவிட நன்றாகப் படித்தார் என்பதை எங்களிடம் அடிக்கடி சொல்லவும் செய்வார். அடக்கம் என்ற பொருளை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்தது முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு. ஒரு முறை நீங்கள் படைகளை நகர்த்துவீர்கள், அடுத்த முறை எதிராளி நகர்த்துவார். சதுரங்கத்துக்கு அது தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைகள், ஆறுகள், காடுகள் கொண்ட ஒரு பெரிய வரைபடம், எதிராளியின் தலைநகரைப் பிடித்தால் வெற்றி. ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். இருக்கிற படையை எல்லாம் ஒன்றாகத் திரட்டி நேரே தலைநகருக்கு ஓட்டினார்கள். அத்தனை பேரும் வழியில் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்தியது. படைக்கு நெல் போக வேண்டும், நெல் போகப் பாதை வேண்டும், சப்ளை இல்லாத படை நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் என் அப்பா. தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்ஸில் இருந்தார். நட்டு, போல்ட், கிரீஸ், கையுறை எல்லாம் அவர் கை வழியாகத்தான் வெளியே போகும். கல்யாண வீடுகளில் யாராவது ஆர்வமாக வந்து, "நீங்க டேங்க் செய்யுற எடத்துலயா வேலை பாக்கிறீங்க" என்று கேட்பார்கள். "ஆமா, ஸ்டோர்ஸ்ல" என்பார் அப்பா. கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கும், டேங்குக்கு வெல்டிங் வைக்கும் மாமாவிடம் திரும்பிவிடுவார். அப்பா பாயசத்தைக் குடிப்பார். அவர் வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் வருத்தப்பட்டேன். நான் செய்கிற ஒரு விளையாட்டிலாவது ஸ்டோர்ஸ்காரன் இல்லாமல் ராஜா அசையக் கூடாது என்று மனதில் ஒரு வைராக்கியம் இருந்தது.

முதலில் நான் எழுதிய சப்ளையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. படைக்கு நெல் வேண்டுமென்றால் தளபதி முதலில் இண்டென்ட் போட வேண்டும், அதாவது இன்னது வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும். அடுத்த முறை அதிகாரி கையெழுத்துப் போடுவார். அதற்கு அடுத்த முறை, வாசலில் காட்டிச் சரக்கை வெளியே எடுக்க கேட் பாஸ் கிடைக்கும். அதன் பிறகுதான் கோட்டை வாசலை விட்டு வண்டி கிளம்பும். எனக்கு இது இயல்பாக இருந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "கரெக்ட்டா இருக்குடா மாப்ள" என்றார். ஓவியரோ அந்தக் கேட் பாஸுக்கு முத்திரையும் சிங்கமும் வைத்து அவ்வளவு அழகாக ஒரு படம் வரைந்து கொடுத்தார். குவார்ட்டர்ஸில் பல்பு மாற்றக்கூடக் காகிதம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். ஒரு பொருள் கையெழுத்து இல்லாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் என்பதே எங்கள் மூன்று பேர் மூளையில் தோன்றவில்லை.

மேடம் ஆட உட்கார்ந்தார். அவருடைய படை காட்டுக்கு அந்தப் பக்கம் பசியில் நின்றது. நெல் மூட்டைகள் கோட்டை வாசலில் கேட் பாஸுக்காக நின்றன. படை மொத்தமும் செத்துப்போன அடுத்த முறை, கேட் பாஸ் சிங்கத்தோடு வந்து சேர்ந்தது. மணி அடிக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. டீ வந்துவிட்டது.

"இன்னா அண்ணாத்தே இது" என்றார் என்னைப் பார்த்து. "அங்க பசி பசின்னு கத்திகினு கீறானுங்க. இங்க ஒருத்தரு பேனாவுக்கு மூடியத் தேடிகினு கீறாரு. சோத்துக்கு எதுக்கு கேட் பாஸ்?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஓவியர் மட்டும் தன் சிங்கத்துக்காக மெல்லிய குரலில் ஏதோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

இரண்டாவது முறை காகிதத்தை எல்லாம் தூக்கிவிட்டு, வண்டிகளை ஆடுகிறவரே ஓட்டும்படி மாற்றினேன். ஒவ்வொரு மாட்டு வண்டியையும் தொட்டு, எங்கே போக வேண்டும் என்று காட்ட வேண்டும். மேடம் ஒரு முழுக் காலையும் வண்டி ஓட்டினார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "நான் ராணியா, லோடு ஆட்டோ டிரைவரா? எங்க நைனாகூட ஒரு நாளைக்கு இத்தினி டிரிப்பு அடிக்க மாட்டாரு. அவருக்காவது நடுவுல டீ குடிக்க வுடுவாங்க." அன்று மணிகூட அடிக்கவில்லை. தப்பு எதுவும் இல்லை, ஆட்டம் சலிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். மணியடித்தால் திருத்திவிடலாம். இதை என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை.

இதற்கு நடுவில் முதலாளி ஒரு செய்தியோடு வந்தார். எங்கள் விளையாட்டை வெளியிடலாமா என்று பார்க்க ஒரு வெளியீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் திங்கட்கிழமை நேரில் வருகிறார். முதலாளி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தணித்து, "சப்ளையைத் தூக்கிரு மாப்ள. இதுவும் போச்சுன்னா மறுபடி கடைக்காரங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதப் போக எனக்குத் தெம்பு இல்ல" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் நான் விடவில்லை. கல்யாண வீட்டுப் பாயசத்திலிருந்து தொடங்கி, அப்பாவைப் பற்றிய எல்லாவற்றையும் அப்போதுதான் மூன்று பேரிடமும் சொன்னேன். முதலாளி கேட்டுக்கொண்டார். பிறகு, "சனிக்கிழமை வரைக்கும் பாரு. அப்புறம் நானே தூக்கிருவேன்" என்று எழுந்து போனார். மேடம் கிண்டல் எதுவும் செய்யாமல் தன் வேலைக்குத் திரும்பினார். அது அவர் வழக்கத்தில் இல்லாதது.

மறுநாள் மேடமும் நானும் எதிரெதிராக ஆடினோம். நான் பெரும்படையைக் கட்டி அவருடைய தலைநகர் வாசலுக்கே கொண்டு போய்விட்டேன். அடுத்த நகர்த்தலில் வெற்றி எனக்கு. மேடத்துக்குத் தன் வண்டிகளை ஓட்டிச் சலித்துவிட்டது. சும்மா இருந்த இரண்டு குதிரைப் படைகளை எடுத்து, யாரும் போகாத காட்டுப் பக்கமாகச் சுற்றி வந்து, என் வண்டிகள் கடக்கும் பாலத்தில் உட்கார வைத்தார். விளையாட்டுக்கு வெறுப்பேற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். நான் படையை நகர்த்தப் போனேன், நகரவில்லை. அவருடைய வாசலில், அத்தனை யானை குதிரையோடும், என் படை சோற்றுக்காக நின்றுகொண்டிருந்தது. மேடம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மணியை அடிக்கத் தொடங்கினார். முதலாளி ஓடி வந்து, "என்ன தப்பு, எங்க தப்பு" என்றார். "தப்பு இல்ல ஓனரே, குஜால்" என்றார் மேடம்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. தன் படைக்குச் சோறு அனுப்புவது வேலை. அடுத்தவன் சோற்றை மறிப்பது விளையாட்டு. அவன் நம் சோற்றை மறிக்க வருவான் என்ற பயமும் விளையாட்டுதான். நான் ஸ்டோர்ஸ்காரனுக்கு மரியாதை வாங்கித் தருவதாக நினைத்துக்கொண்டு, ஆட வந்தவர்கள் தலையில் ஸ்டோர்ஸ் வேலையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வண்டிகள் தாமாகவே ஓடட்டும், எந்தப் பாதையில் ஓட வேண்டும், அதை யார் காவல் காப்பது என்பதை மட்டும் ஆடுகிறவர் முடிவு செய்தால் போதும் என்று மாற்றினேன். பசித்து நின்ற படை அப்படியே செத்துவிடும் என்று நான் வைத்திருந்ததை மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "பசிச்சா எவனாவது கம்முனு சாவானா? மொதல்ல நம்மள திட்டுவான். அப்புறம் ஊட்டுக்குக் கெளம்புவான்" என்றார். அப்படியே செய்தோம். முதல் முறை முணுமுணுப்பார்கள், பிறகு நடக்க மறுப்பார்கள், கடைசியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போவார்கள். அவர்கள் முணுமுணுக்கும் வசனங்களை மேடமே எழுதினார். அதில் பாதியை முதலாளி தணிக்கை செய்தார்.

சனிக்கிழமை முதலாளி வந்து நின்றார். நானும் மேடமும் ஆட்டத்தில் இருந்தோம். "என்னாச்சு" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ஆடத் தொடங்கிவிட்டார். தூக்குவதைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

திங்கட்கிழமை வந்தவர் அதிகம் பேசாத மனிதர். மேடத்தை எதிராளியாக வைத்து ஆட ஒத்துக்கொண்டார். எல்லாரையும் போலவே படையைத் திரட்டி நேராக ஓட்டினார். முதலாளி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வந்தவரின் படை முணுமுணுக்கத் தொடங்கியபோது அவர் முன்னால் சாய்ந்தார். படை வீட்டுக்குக் கிளம்பியபோது நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். தோற்றுவிட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு ஆட்டம்" என்றார். மேடம் ஒரே ஒரு தட்டு தட்டினார், மணியில்.

விளையாட்டு வெளிவந்தது. சுமாராக ஓடியது, எங்களுக்கு அதுவே போதும். மேடத்துக்கு பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பா அப்போது ஓய்வு பெற்றிருந்தார், என் விளையாட்டை அதுவரை தொட்டதில்லை. "இந்தப் படம் வரைஞ்சதெல்லாம் நல்லாருக்குலே" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மேடம் விடுகிற ஆளா. சாப்பிட்ட கையோடு அவரை மடிக்கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

அப்பா ஆடிய ஆட்டத்தை நான் பின்னால் நின்று பார்த்தேன். அவர் எங்கும் படையெடுக்கவில்லை. கோட்டையை ஒட்டி ஒரு பெரிய கிடங்கு கட்டினார், அதில் நெல்லை நிரப்பிக்கொண்டே இருந்தார். நிரம்ப நிரம்ப அவர் முகத்தில் ஒரு நிம்மதி. வீரர்கள் அத்தனை பேரையும் அரண்மனையைச் சுற்றி நிறுத்தினார், கிடங்குக்கு ஒரு காவல்காரன்கூட இல்லை. இவ்வளவு வருடம் அங்கே வேலை பார்த்த மனிதருக்கே ஸ்டோர்ஸுக்கு யாரும் வருவார்கள் என்று தோன்றவில்லை.

மேடம் அரண்மனைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. காட்டுக்குள் புகுந்து, ஆற்றைத் தாண்டி, நேராகக் கிடங்கைப் பிடித்தார். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையருகே குனிந்தார். எனக்குப் பக்கென்றது, வயதானவரை வீட்டிலேயே வைத்துத் தோற்கடித்துவிட்டோமே என்று.

"நேரா ஸ்டோருக்கா வந்தே?" என்றார்.

"ஆமா அங்கிள். அரமனையப் புடிச்சி நான் இன்னா பண்றது? ஒங்க உயிரே இங்கதான கீது."

அப்பா திரையில் அந்தக் கிடங்கை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார். "ஏளா, இங்க வந்து பாரு. மொத அடியே நம்ம ஸ்டோர்லதான் விழுந்திருக்கு." அம்மா ஈரக் கையோடு வந்து, ஒன்றும் புரியாமல், சரி என்று தலையாட்டினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மேடம் இப்போதும் பெங்களூரில்தான் இருக்கிறார். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் வந்து என் பாலத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அப்பா அதற்குப் பிறகு விளையாட்டைத் தொடவில்லை, அவருக்கு அந்த ஓர் ஆட்டமே போதுமாக இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், கல்யாண வீடுகளில் பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தாலும், அந்தக் கதையைத் தொடங்கிவிடுகிறார். எதிராளி நல்ல விவரமான ஆள், அரண்மனையை விட்டுவிட்டு நேரே ஸ்டோருக்கு வந்தாள் என்று கையால் பாதை போட்டுக் காட்டுவார். கேட்கிறவர் இலையை மறந்து, "அப்போ நீங்க தோத்துட்டீங்களா சார்" என்பார்.

"பின்னே? ஸ்டோர் போனா எல்லாம் போச்சுல்லா" என்பார் அப்பா, அவ்வளவு சந்தோஷமாக.