தலைவரின் நெஞ்சுத்துடிப்பு

சங்கரன்கோவிலில் நான்கு விசைத்தறி வைத்திருந்த இசக்கித்துரைக்குப் போன வருஷம் இதயத்துடிப்பைச் சீராக்க இடப்பக்க நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவி வைத்தார்கள். அதன்பின் நன்றாகத்தான் இருந்தார். தெரு நலச் சங்கத்துக்குத் தலைவரானதும் தொல்லை ஆரம்பித்தது. போட்டியிட வேறு ஆளில்லாததால் ஏகமனதாகத் தேர்வானவர், "தலைவர்" என்று பொன்னெழுத்தில் ஒரு பேட்ஜ் செய்துகொண்டார். துண்டு மறைத்துவிடக் கூடாதென்று இடது தோளுக்குச் சற்றுக் கீழே குத்திக்கொள்வார். சட்டை கிழியாமலிருக்க ஊசிக்குப் பதில் காந்தம்.

கூட்டத்துக்குப் போனால் நெஞ்சு படபடத்தது. தலை சுற்றியது.

"பதவின்னா சும்மாவா? பொறுப்பு அழுத்துதுல்லா," என்றார் மனைவி கனகலட்சுமியிடம்.

"சாக்கடை அடைச்சு மூணு மாசமாச்சு. அது அழுத்தலியா?"

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். துடிப்பு சீராக இருந்தது. கருவியைச் சோதிக்கும் ஷிரின் பானு, "எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி," என்றார்.

வெளியே ஊர்க்காரர் இரண்டுபேர் காத்திருந்தார்கள். மார்பில் ஒட்டிய வயர்களை எடுப்பதற்குள் இசக்கித்துரை அவசரமாகச் சட்டையை மாட்டிப் பேட்ஜை வைத்தார். திரையில் துடிப்பு சட்டென்று எகிறியது.

"அண்ணாச்சி, அந்தப் பேட்ஜ எடுங்க!"

எடுத்தார். துடிப்பு இறங்கியது.

"காந்தம் பக்கத்துல வந்தா மெஷின் வேற மோடுக்குப் போயிரும். இதயம் என்ன செய்யுதுன்னு கவனிக்காம, தன் போக்குல ஒரே வேகத்துல துடிக்க வைக்கும்," என்றார் ஷிரின் பானு.

கூட வந்திருந்த கனகலட்சுமி தலையாட்டினார். "தலைவரானதுலருந்து இவுகளும் அப்படித்தாம்மா. யாரு சொல்லையும் காதுல வாங்குததில்ல."

"பேட்ஜப் போடாம இருந்தாப் போதும்," என்றார் ஷிரின் பானு.

இசக்கித்துரை முகம் வாடிவிட்டது. "பேட்ஜ் இல்லாம எவன் நம்மள மதிப்பான்?"

ஊசி வைத்த பேட்ஜ் வாங்கலாமென்று மனைவி சொன்னார். கருவி இருக்கும் பக்கம் எதற்கு வம்பென்று அதை வலப்பக்கம் குத்திக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார். துடிப்பு அமைதியாக இருந்தது. செயலாளர் உச்சிமாகாளிதான் கொதித்தார்.

"தலைவரு பேட்ஜ வலப்பக்கம் குத்தலாமாவே? எந்தச் சங்கத்துல இப்படி இருக்கு?"

விவாதம் இருட்டும்வரை நடந்தது. வலப்பக்கமும் செல்லும் என்று தீர்மானம் நிறைவேறியது. சாக்கடை விஷயம் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது. எல்லோரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள்.