உப்புக் கழுதைக்கு ஒரு துணை

மரக்காணத்துக்கு வந்து உப்பு எங்கே வாங்கலாம் என்று கேட்டால், பத்தில் எட்டு பேர் என் குடோனைத்தான் கை காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு லாரி வைத்திருக்கிறேன், பாக்கெட் போடுகிற மெஷின் வைத்திருக்கிறேன், பிள்ளைகளைப் படிக்க வைத்துத் துபாய்க்கு அனுப்பியிருக்கிறேன். எவனும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. எல்லாம் இந்தக் கையால் ஆனது. அப்படிப்பட்டவன் போன வருஷம் பூராவும் ஒரு ஆண் கழுதையைத் தேடி அலைந்தான் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். ஊர் எப்பவோ சிரித்து முடித்துவிட்டது.

குடோனுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பெட்டைக் கழுதை ஒன்று நிற்கிறது. நான் முதன்முதலில் பொதி ஏற்றி ஓட்டிய கழுதைகளின் வழியில் வந்தது. இதோடு அந்த வழி முடிகிறது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் வேறு கழுதையே கிடையாது. இது ஒரு குட்டி போட்டுவிட வேண்டும். அதற்குத்தான் அத்தனை அலைச்சலும்.

மீசை முளைக்கிற வயசில் கழுதை மேல் உப்பு ஏற்றிக்கொண்டு பிரம்மதேசம் வரைக்கும் நடப்பேன். காசுக்கு விற்பது கொஞ்சம்தான். உப்பை அளந்து போட்டுவிட்டு நெல்லையோ கேழ்வரகையோ அளந்து வாங்கிக்கொள்வேன். ஊர் எல்லையை மிதித்ததும் சலவைக்காரர் வீட்டுக் கழுதைகள் என் கழுதைகளை மோப்பம் பிடித்துக் கத்தும். என்னுடையவை பதிலுக்குக் கத்தும். நான் வாயைத் திறந்து உப்பு உப்பு என்று கூவியதே இல்லை. அந்தச் சத்தத்திலேயே பொம்பளைகள் முறத்தில் தானியத்தோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அதோடு இன்னொரு பழக்கமும் இருந்தது. விலை பேசுவதற்கு முன்னால், அளப்பதற்கு முன்னால், அரிசி கழுவிய தண்ணீரைச் சட்டியில் கொண்டுவந்து கழுதைக்கு வைப்பார்கள். அது குடித்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் எனக்கு மோர் வரும். "சுமந்து வந்தது அதுதானே, நீ கைய வீசிக்கினுதானே வந்தே" என்று ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. தாகம் எனக்கும் இருக்காதா?

இப்போதும் பிரம்மதேசத்துக் கடைகளில் என் பாக்கெட் உப்புதான் விற்கிறது. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் லாரி போய் நின்றால் கடைக்காரன் செல்போனில் இருந்து தலையைத் தூக்குவதில்லை. "அங்க இறக்கிடுங்க பாய்" என்பான். அவ்வளவுதான். லாரிக்கு யார் கழுநீர் வைக்கப் போகிறார்கள்.

முதலில் வானூர் சந்தையில் ஆட்டுத் தரகர் ஒருவரிடம் கேட்டேன். ஆண் கழுதை கிடைக்குமா என்றதும் பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

"கழுதையா பாய்? ஃபோட்டோ கடைக்குப் போங்க. 'என்னைப் பார் யோகம் வரும்'னு எழுதி ஃபிரேம் போட்டே தருவான்."

"யோகம் எனக்கு எப்பவோ வந்துடுச்சுய்யா. கழுதைதான் வரல" என்றேன். அவர்களே சிரித்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். கழுதை மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் என் டிரைவர் கீழ்புத்துப்பட்டில் இருந்து போன் செய்தான். ரோட்டோரத்தில் ஒருத்தர் கழுதைப் பால் விற்கிறாராம். சில வீடுகளில் பச்சைக் குழந்தைக்கு அதை ஒரு சங்கு புகட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு ஓடினேன்.

"ஆண் ஒண்ணு வூட்ல கீது பாய்" என்றார் பால்காரர். "பாலும் தராது, வேலையும் செய்யாது, திங்கறதோட சரி. கொஞ்ச நாள் வெச்சிக்கினு அனுப்புங்க. பின்னாடி மட்டும் நிக்காதீங்க."

மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினோம். என் மனைவி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மாப்பிள்ளை வந்தாச்சா? பிரியாணிக்குச் சொல்லணுமாங்க?"

பெட்டை முதல் நாளே அதை நெஞ்சில் உதைத்தது. "நல்ல பொண்ணு" என்றாள் இவள். ஆனால் நாளாக ஆக, ஒன்றின் முதுகில் இன்னொன்று கழுத்தை வைத்துக்கொண்டு நிற்கத் தொடங்கின. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். போன் அடித்தால் அடிக்கட்டும். ஒரு காலையில் ஆண் கழுதை கத்தியது. எத்தனையோ வருஷமாக வாயைத் திறக்காத என் பெட்டை பதிலுக்குக் கத்தியது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன், எங்கேயோ புறப்படுகிறவன் மாதிரி. புறப்பட்டுப் போக ஊர் எங்கே இருக்கிறது?

ஆண் திரும்பிப் போய் சில மாதம் கழித்து மாட்டு டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். கையை உள்ளே விட்டுப் பார்த்தார். கழுவிக்கொண்டே சொன்னார்.

"சினை இல்லைங்க. வயசு ஆகுது. ஆனா முடிஞ்சுபோச்சுன்னு சொல்ல மாட்டேன். சீக்கிரம் இன்னொரு தடவை சேர்த்துப் பாருங்க."

பால்காரருக்குப் போன் போட்டேன்.

"அத வித்துட்டேனே பாய். ஆந்திராவுல இருந்து வண்டி வந்துச்சு."

"எதுக்கு வாங்கினாங்க?"

"கறிக்குத்தான் பாய். அங்க சாப்பிடுறாங்க. சித்தூர் பக்கம்னு சொன்னானுங்க."

"ஏம்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க வாங்கிப்பீங்கன்னு தோணல பாய். லாரி வெச்சிருக்கிறவருக்கு கழுதை இன்னாத்துக்கு?"

போனை வைத்துவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். கேலி செய்வாள் என்று பார்த்தேன். செய்யவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எல்லாத்தையும் வெட்டியிருப்பாங்களா?"

"வாங்குறவன் ஒண்ணா வாங்குவான்? கும்பலாத்தான் கட்டி வெச்சிருப்பான்."

"அப்ப அதுல ஒண்ண நாம வாங்கிக்கலாமே."

வேலூருக்கு ஒரு லோடு கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து சித்தூர் பக்கம்தான். இந்த முறை டிரைவரோடு நானும் ஏறுகிறேன். எனக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. அந்த வண்டிக்காரர்கள் யார், எந்த ஊர், அதுவும் தெரியாது. உப்பை இறக்கிய பிறகு பின்னால் நிறைய இடம் இருக்கும். வைக்கோலும் கயிறும் இப்போதே ஏற்றி வைத்துவிட்டேன்.