முட்டி இடிக்கும் கபாயிட்சே ஓடம் ஓட்டிய கதை

எங்கள் கபாயிட்சே நின்றால் முட்டி இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். பாதங்கள் ஆளுக்கொரு பக்கம் விலகி நிற்கும். உள்ளங்காலில் வளைவே கிடையாது. ஈர மணலில் நடந்தால் முழுப் பாதமும் பதியும். தரையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, தலைச்சுமை விறகோடு விறுவிறுவென்று வருவாள். ஒக்கவாங்கோ ஆற்றுத் தண்ணீரில்தான் வம்பு. எங்கள் ஓடம் ஒரே மரத்தைக் குடைந்தது, ஒடுக்கம். பின்முனையில் நின்றுகொண்டுதான் கோல் ஊன்ற வேண்டும். இவள் நின்றால் பாதங்கள் இரண்டு பக்கச் சரிவிலும் ஏறும், ஓடம் ஆடும், தொபுக்கடீர்.

அவள் அண்ணன் மொதீபேயின் மகள் திரேலோவுக்குக் கல்யாணம் கூடியது. பெண்ணைக் கால்வாய் தாண்டி மாப்பிள்ளை வீட்டில் விடுவது அத்தையின் உரிமை. நானேதான் கோல் ஊன்றுவேன் என்றாள் கபாயிட்சே.

"நீ சும்மா உக்காரு. கோலை நான் பாத்துக்கறேன்," என்றான் மொதீபே.

"அப்ப நீதான் அத்தையா? பாவாடை கட்டிக்க!"

"எம் பொண்ணை முதலைக்கா கட்டிக் குடுக்கப்போற?"

நாணல் ஓரம், ஆழமில்லாத இடத்தில் பழகினாள். நான் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஆம்பளைகள் சொன்னபடி பாதங்களைச் சேர்த்து விறைப்பாக நின்றாள். முட்டி முட்டியைத் தள்ள, விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். கடைசியில் கோபம் வந்து, அவள் காலுக்கு வந்தபடி நின்றாள்: ஒரு பாதம் முன்னே, மற்றது பின்னே சற்றுக் குறுக்காக. ஒரு முட்டி மற்றதன் பின்னால் போய் அடங்கியது. பாதம் இரண்டும் ஓடத்தின் நடுவில். அந்தத் தட்டைப் பாதம் அல்லி இலை மாதிரி மரத்தில் படிந்தது.

"ஏ, ஆடலடி!" என்று கத்தினாள்.

"கத்துனா ஆடும், சும்மா நில்லு," என்றேன்.

கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டுக்கு வெறுங்காலோடு போகக்கூடாது என்று அவள் காலில் பூட்ஸை மாட்டிவிட்டார்கள். கோலை ஊன்றியதும் ஓடம் சரிந்தது. "அத்தே!" என்று திரேலோ விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கரையில் மொதீபே தண்ணீருக்குள் இறங்கவே போனான்.

கபாயிட்சே பூட்ஸைக் கழற்றிப் பெண்ணின் மடியில் போட்டாள். "வச்சுக்க, அக்கரையில போட்டுக்கறேன்."

நாணல் ஓரம் பழகியபடி பாதம் மாற்றி நின்றாள். ஓடம் அடங்கி நேராகப் போனது. பின்னால் வேறு ஓடங்களில் வந்த நாங்கள் குலவை போட்டோம்.

திரேலோ இறங்கியபோது பாவாடை ஓரம்கூட நனையவில்லை. அத்தைக்குரிய முதல் தட்டு, இடித்த மாட்டிறைச்சியும் களியும், கபாயிட்சே கைக்கு வந்தது. உட்காரச் சொல்லி எல்லாரும் இழுத்தார்கள். அவள் நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள்.